முனிராஜ் எழுதிய வரி

முனிராஜ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, லேபில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பாதியில் விட முடியாது. எடுத்து முடித்து, பஞ்சு வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போய் அழுதேன். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லேபுக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் பதினோரு வருடம் சண்டை போட்டோம்.

சண்டையெல்லாம் ஒரு வரிக்காகத்தான். காய்ச்சல் பார்க்கும் அட்டையில் கிருமியின் புரதத்தைக் கோடாகத் தடவியிருப்பார்கள். அதை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருந்தால் கோடு தெரியும். அது உண்டாக ஒரு வாரம் போல ஆகும். கம்பெனி ஆட்களோ முதல் நாள் காய்ச்சலிலேயே வந்து ரிப்போர்ட் கேட்பார்கள். கோடு வராத ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முனிராஜ் பச்சைப் பேனாவால் எழுதுவார்: ‘காய்ச்சல் விடாவிட்டால் ஐந்து நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கவும்.’

ஒரு சூப்பர்வைசர் எரிச்சலாகி, நோய் இருக்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார்.

“நெகட்டிவ்னா நோய் இல்லன்னு இல்லீங்க. ஒடம்பு இன்னும் அதைக் கண்டுக்கலன்னும் இருக்கலாம்” என்றார் முனிராஜ். அதையே கன்னடத்திலும் சொன்னார். தெலுங்குக்குப் போவதற்குள் அந்த மனிதர் ஓடிவிட்டார்.

கையால் கிறுக்கினால் லேபின் பெயர் கெடுகிறது, டாக்டர் வேலை நமக்கு வேண்டாம் என்று முதலாளி தடை போட்டார். அவரைப் பார்த்து அவ்வப்போது எழுதிவந்த நான் அன்றே நிறுத்தினேன். முனிராஜ் நிறுத்தவில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

மழை விட்டதும் நாகரசம்பட்டியில் மைத்துனரின் மாந்தோப்பில் புல் அறுத்துவிட்டு வந்த முனிராஜுக்குப் பத்து நாளில் காய்ச்சல் கண்டது. புல்லில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம் என்று, மூன்றாம் நாள் அவர் ரத்தத்தை நான்தான் அட்டையில் விட்டுப் பார்த்தேன். கோடு வரவில்லை. இவருக்குத் தெரியாததா என்று நினைத்து, வெறும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த இரண்டு நாளில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பெங்களூரு ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். அதை நம்பி அங்கே வேறு நோய்களைத் தேடினார்கள். கடைசியில் யாரோ மறுபடி பார்த்தபோது கோடு வந்தது. அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டது.

காரியத்தன்று அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“எப்பவும் அவரு பச்சையில எழுதுவாரில்ல, மறுபடி எடுக்கணும்னு. இதுல ஒண்ணும் எழுதலயே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டம்” என்றார்.

அட்டை மீது கோபம், முதலாளி மீது கோபம், தன் காய்ச்சலை மட்டும் லேசாக எடுத்துக்கொண்ட முனிராஜ் மீதும் கோபம். எல்லாம் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. அவர் மேசையிலிருந்து அந்தப் பச்சைப் பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன். நேற்றும் முதலாளி கூப்பிட்டு, நீயும் ஆரம்பித்துவிட்டாயா என்றார். ஆமாம் என்றேன். யார் யாருக்கோ இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஒரு தடவை எழுதியிருக்கலாம்.