மிதந்த மிளகும் அக்காவின் ரத்தமும்

அக்காவைக் கட்டிய என் மச்சானுக்கு, கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மொத்த வியாபாரம். மூட்டைக்குள் இரும்புக் குழாயைக் குத்தி ஒரு பிடி எடுப்பார், தண்ணீரில் போடுவார், மிதந்தால் மூட்டையையே தள்ளிவிடுவார். மிளகில் அவரை ஏமாற்றியவன் கிடையாது. அந்தத் திமிரை அக்காவின் உடம்பு விஷயத்திலும் காட்டினார்.

அக்காவுக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறாள். ஷார்ஜாவில் இருந்தபோது கொரோனாவுக்கு எம்ஆர்என்ஏ ஊசி போட்டுக்கொண்டாள். ஊருக்கு வந்து பரிசோதித்ததில் ஆன்டிபாடி பேருக்குத்தான் இருந்தது. இப்போது அவள் மகளுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போனதும் இன்னொரு ஊசி போட்டு, கொஞ்ச நாள் தனியறையில் இருந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம் என்றார் டாக்டர். மகள் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். மச்சான்தான் ஒரே போடாய்ப் போட்டார்.

"வெறுதே, சும்மா எதுக்கு? போட்ட ஊசியே பிடிக்கல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். எங்கயும் போக வேண்டாம்."

"என் அக்கா என்ன சோத்துப் பானையா, மச்சான்?"

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

களமசேரி ஆய்வுக்கூடத்தில், ஊசிக்கு உடம்பு எப்படி எழும்புகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. ரத்தத்தில் நோயோடு போராடும் டி செல்கள் எல்லாம் ஒரே குணமல்ல. பெரும்பாலானவை எதிரியை அடையாளம் கண்டு, பெருகி, வேலைக்கு வர நாளாகும். ஒரு சிறு கூட்டம் மட்டும் பிறவியிலேயே பாதி தயாராக இருக்கிறது. லாரி வந்து நின்றதும் முதலாளிக்குக் காத்திராமல் தாவி ஏறும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களைப் போல, ஊசி இறங்கியதுமே விழித்துக்கொண்டு மற்ற செல்களை உசுப்பிவிடும். அவை நன்றாக விழித்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் ஆன்டிபாடியும் நன்றாக ஏறுவதைப் பார்க்கிறோம். ஆன்டிபாடி கடைசியில் வருவது. அதற்கு முன்னால் உள்ளே எத்தனையோ நடக்கிறது. இதையெல்லாம் தொண்டை வற்றச் சொன்னேன்.

"உன் அக்காகிட்ட அந்தச் செல்லு இருக்கா?" என்றார்.

எங்கள் ஆய்வுக்கு அவளும் ரத்தம் கொடுத்திருந்தாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருக்கு. கம்மியாத்தான் இருக்கு. அதனாலதான் இன்னொரு தடவை போட்டுப் பாக்கச் சொல்றாங்க."

"போட்டா ஏறுமா? உறுதியாச் சொல்லு."

"உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. இவளை மாதிரி இருக்கிறவங்க நிறைய பேருக்கு ஏறியிருக்கு."

"அப்ப உனக்கே தெரியல! இவ்வளவு படிச்சு இதைச் சொல்லத்தான் வந்தியா? பிராந்து, சுத்தப் பைத்தியம்!"

"மிதக்குதா முங்குதான்னு பாக்கறதுக்கு மேல ஒண்ணும் தெரியாத உங்களுக்கு, என் படிப்பைப் பத்தி என்ன பேச்சு?"

மச்சான் தட்டைத் தள்ளினார். சோறு மேஜையில் சிதறியது.

"அவளுக்குள்ள இருக்கறது என் கிட்னி. அதைக் கண்ட ஊர்ல கொண்டுபோய்த் தொலைக்க விடமாட்டேன்."

அவர் கொடுத்ததுதான். எங்கள் உம்மாவுடையது பொருந்தவில்லை, என்னுடையதும் பொருந்தவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தார். அந்த ஒன்றுக்காக அவருடைய வாய்த்துடுக்கையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதை அவர் சொல்லிக் காட்டியது அன்றுதான்.

அக்கா பச்சடிக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வந்து கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். அழவில்லை.

"ஆமாங்க, உங்களோடதுதான். அது இல்லாட்டி நான் என்னைக்கோ மௌத்தாயிருப்பேன். திருப்பி வேணும்னா எடுத்துக்கங்க. என் பேத்தியை ஒரு தடவை தூக்கிட்டு வந்து தந்துடறேன்."

மச்சான் எழுந்து கைகழுவப் போனார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆள் வரவில்லை.

"நீ என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கற? டிக்கெட் போடு" என்றாள் என்னிடம்.

செல்போனை எடுத்தேன். மச்சான் ஈரக் கையோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"எனக்கும் சேத்துப் போடு" என்றார்.

அக்கா சிதறிய சோற்றைத் தட்டில் வழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேண்டாம்" என்றாள். "ஒண்ணு போதும்."