உங்க ஊர் டான்ஸ்

நான் பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கிறேன். கூர்க்கா வேலைக்காக நேபாளத்திலிருந்து ஜெயங்கொண்டம் பக்கத்திலுள்ள மீன்சுருட்டிக்கு வந்தவர் என் அப்பா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். முகம் மட்டும் அப்பாவுடையது.

ஆண்டு விழா பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். பொறுப்பாசிரியை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கெதுக்கும்மா தமிழ்ப் பேச்சு? உங்க ஊர் டான்ஸ் ஆடு, புதுசா இருக்கும்."

"எங்க ஊரு மீன்சுருட்டிங்க மேடம்."

"அது சரி, நெஜமா எந்த ஊரு?"

எனக்குச் சுருக்கென்றது. "சரிங்க மேடம், எங்க ஊர் டான்ஸே ஆடறேன்" என்றேன்.

விழாவில், "அடுத்து நேபாள நடனம்" என்று ஆசிரியை மைக்கில் அறிவித்தார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினேன். மாரியம்மன் திருவிழாவில் எங்கள் தெருப் பெண்களோடு வருஷா வருஷம் அடிக்கும் கும்மியைப் பாட்டோடு அடித்தேன். கூட்டம் முதலில் திருதிருவென்று விழித்தது. பிறகு ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண்கள் எழுந்து என்னோடு சேர்ந்து பாடினார்கள்.

இறங்கியதும் ஆசிரியை கோபமாக வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"எங்க ஊர் டான்ஸ்தானே கேட்டீங்க மேடம்?"

"நெஜமா எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் அப்பா வந்த கதையைச் சொல்லி விளக்குவேன். இப்போது விளக்குவதில்லை.

"மீன்சுருட்டி. நீங்க நெஜமா எந்த ஊருங்க?"