முந்நூற்றெட்டாம் வில்லை

வில்லையைக் காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் கெல் அதை ஆள் கையில் கொடுப்பார். உள்ளங்கையில் அடங்குகிற வட்டப் பித்தளை. நடுவில் எண், மேலே ஓர் ஓட்டை. படகிலிருந்து தீவில் இறங்கும்போது ஆளுக்கு ஒன்று. திரும்பி ஏறும்போது வாசலோரப் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் அவரவர் கையால் மாட்ட வேண்டும். கணவனுடையதை மனைவி வாங்கி மாட்டினால் கெல் அதைக் கழற்றி, கணவனைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொல்வார். "உங்க உசுரு சார், நீங்கதான் மாட்டணும்" என்பார், சிரிக்காமல்.

கெல்வின் ஹார்டகருக்கு அறுபத்திரண்டு வயது. ஸ்ட்ரான் துறையிலிருந்து, ஒரு காலத்தில் சிறையாக இருந்த கைதிகள் தீவுக்கும் அதையடுத்த ஆற்றுக்கும் போகிற படகை ஓட்டுகிறார். அதே படகின் சின்ன அடுப்படியில் பதினோரு வருஷமாகத் தேநீரும் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட அப்பமும் விற்கிறவள் நான். ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அவர் மறுத்தால் நாளை முதல் அப்பம் கிடையாது.

முழங்கை தேய்ந்த சுரங்கத்துக் கம்பளிச் சட்டை, வெயிலானாலும் அதுதான். மழை என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. கொட்டித் தீர்க்கும்போது "ஈரமா இருக்கு" என்பார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஈரமாகத்தான் இருக்கும். குடை கொண்டுவருகிறவர்களை நோயாளிகளைப் பார்ப்பதுபோலப் பரிவோடு பார்ப்பார். ஊர் முழுக்கப் பேசித் தள்ளும் வழிகாட்டிகள் இருக்க, தீவைப் பற்றி அவர் சொல்வது மூன்றே வரி.

"சங்கிலி போட்டவனும் இங்கதான் செத்தான், சாவி வச்சிருந்தவனும் இங்கதான் செத்தான். ரெண்டு பேரும் சேந்து வெட்டித் தீத்த காடு, ரெண்டு பேரையும் முழுங்கிட்டுத் திரும்ப நிக்குது. பாத்து நடங்க."

ஆற்றுக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வரக்காப்பி நிறத் தண்ணீர், அதில் தலைகீழாக ஒரு காடு. கரையில் நிற்கும் சில பைன் மரங்களுக்கு இரண்டாயிரம் வயது. காற்றில்லாத நாளில் எது மரம், எது நிழல் என்று சொல்ல முடியாது. கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையைத் தாழ்த்திவிடுவார்கள். பதினோரு வருஷம் பார்த்தும், அந்த நேரத்தில் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். கெல் அப்போது சுக்கானை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். வலது கை சட்டைப்பைக்குள் இருக்கும். பையில் இருப்பது என்ன என்று இந்தக் கரை முழுக்கத் தெரியும்.

அது முந்நூற்றெட்டாம் எண் வில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், உருக்காலைப் புகைபட்டு மொட்டையான மலைகள் சூழ்ந்த குவீன்ஸ்டவுனில், கெல் செம்புச் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். இறங்குகிறவன் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்வான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி காலி என்றால் ஆள் கீழே இருக்கிறான். ஒரு நாள் வேலை முடிந்து வந்த களைப்பில் கெல் வில்லையோடு நேரே மதுக்கடைக்குப் போய்விட்டார். அவர் மூன்றாவது குவளையில் இருக்கும்போது நான்கு பேர் அவரைத் தேடி மறுபடி கீழே இறங்கினார்கள். தேடியவர்களில் ஒருவருக்குப் பாறை சரிந்து முழங்கால் நொறுங்கியது. அவர் பெயர் லைல்.

அதே லைல்தான் எங்கள் படகில் கயிறு கட்டுகிறவர். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். தினம் காலையில் படகில் ஏறியதும் முதல் பேச்சு அவருடையதுதான்.

"என்ன மாப்ள, மேலயா, கீழயா?"

"ஆணியப் பாரு" என்பார் கெல்.

பலகையின் கடைசியில் ஓர் ஆணியின் கீழ் 308 என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கிறது. அது எப்போதும் காலி. பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். விளையாட்டு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். அப்புறம்தான் கேட்கும்போது லைல் சிரிப்பதில்லை என்பதைக் கவனித்தேன்.

போன மார்ச்சில் ஒரு பிற்பகல். வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துறைமுக வாயான நரகவாசலில் அலை எழும்பியிருப்பதாக வானொலி சொன்னது. கைதிகள் சூட்டிய அந்தப் பெயரை மாற்ற இன்றுவரை யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. தீவில் இறங்கியவர்கள் நாற்பத்தாறு பேர். அவசரமாக ஏறினார்கள். லைல் இருக்கை இருக்கையாகப் போய்த் தலைகளை எண்ணினார். நாற்பத்தாறு. கெல் பலகையைப் பார்த்தார். இருபத்துமூன்றாம் ஆணி காலி.

கெல் ஒலிபெருக்கியில் கேட்டார். யாரும் எழவில்லை. பைகளைத் துழாவினார்கள், குளிரில் முணுமுணுத்தார்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒருவர் பித்தளைத் துண்டுக்கு நானே பணம் தருகிறேன் என்றார். கெல் இயந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்துவிட்டார்.

லைல் நொண்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "தல சரியா இருக்கு கெல். எவனோ ஞாபகத்துக்குன்னு பையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். உன்ன மாதிரி."

படகில் உள்ளூர்க்காரர்கள் நாங்கள் இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தோம். கெல்லின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"இருக்கலாம்" என்றார். "அன்னைக்கு நீ அப்படி நினைக்கலையே, லைல்."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.  லைல் வாய்க்குள் என்னவோ திட்டியபடி, அந்தக் காலோடு, வழுக்கும் பலகைப் பாதையில் அவர் பின்னாலேயே போனார்.

எனக்குக் கை ஓடவில்லை. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து என்னுடைய அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான். சட்டைக் கையில் மரத்தூள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எங்கள் பயணியே இல்லை. தீவில் நடைபாதைப் பலகை மாற்ற வந்திருந்த தச்சன். வானிலைக்குப் பயந்து, லைல் கயிற்றோடு மல்லுக்கட்டிய நேரத்தில் பின்பக்கமாக ஏறியிருக்கிறான். நல்ல பிள்ளை என்று சூடாக அப்பத்தைக் கொடுத்து உட்காரவைத்தவள் நான்தான். அவனைச் சேர்த்துத்தான் நாற்பத்தாறு. அப்படியானால் பயணி ஒருவர் இன்னும் தீவில். கரையைப் பார்த்து என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். மழை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம். விமானத்துக்காரர் முதல் பத்து நிமிஷம் பேசினார். நான் விஷயத்தைச் சொன்ன பிறகு சன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

மூன்று பேராக வந்தார்கள். நடுவில் இருந்தவர் எர்ரோல் என்ற கோதுமை விவசாயி. கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து தனியாக வந்தவர், ஆகவே காணோம் என்று சொல்ல ஆள் இல்லை. பழைய சூளைப் பக்கம் ஒரு செங்கல்லில் கைதி ஒருவனின் கட்டைவிரல் பதிவைப் பார்த்திருக்கிறார். தன் விரலை அதில் வைத்துப் பார்க்கக் குனிந்தவர் சரிவில் உருண்டு, பெரணிச் செடிகளுக்கு அடியில் கணுக்கால் முறிந்து கிடந்திருக்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய்விட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த படகு மறுநாள் காலைதான். அந்தக் குளிரில் அவர் காலை வரை தாங்கியிருக்க மாட்டார்.

ஒரு பக்கத்தை கெல் தாங்கியிருந்தார், மறுபக்கத்தை லைல். படகில் ஏற்றியதும் எர்ரோல் விறைத்த கையைப் பைக்குள் விட்டு இருபத்துமூன்றாம் வில்லையை எடுத்தார். விமானத்துக்காரர் உதவக் கை நீட்டினார். கெல் தலையசைத்துத் தடுத்துவிட்டார். மூன்றாம் முயற்சியில் எர்ரோலே மாட்டினார். கம்பளியைச் சுற்றி, தேநீரை நான் அவர் வாயருகே பிடித்தேன். 

கெல் சுக்கானுக்குப் போகவில்லை. பலகை முன்னால் நின்று ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், முதலிலிருந்து கடைசி வரை. கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குள் போனது.

லைல் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினார்.  கெல்லுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் பையிலிருந்து வில்லையை எடுத்து, பார்க்காமலே அந்தக் கையில் வைத்தார். இருபத்தாறு வருஷம் விரல் பட்டுப் பட்டு அதில் எண்ணே பாதி அழிந்திருந்தது.

லைல் அதைக் காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒருமுறை சுண்டினார். பிறகு வலிக்கிற காலை ஊன்றி எக்கி, கடைசி ஆணியில் மாட்டி, ஆடிக்கொண்டிருந்த வில்லையைக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தினார்.