ஒரு தோணி, ஒரே கழி

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் "டொக் டொக்" சத்தம் காதில் விழுந்தால், இன்றைக்கும் என் இரண்டு கைகளும் தாமாகவே எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருந்துகொண்டு இந்தச் சத்தத்துக்குப் பயப்படுவது கேலிக்கூத்துதான். தெருவுக்கு நாலு பிளாஸ்டிக் கடை இருக்கிறது. கடைக்காரர் குடத்தைத் தட்டி "நோடி அக்கா, கட்டி இதே" என்று கன்னடத்தில் சொல்லி அதன் உறுதியைக் காட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்குப் பதினோரு வயதானபோது வந்த ஒரு கோடை விடுமுறைதான் அதற்குக் காரணம்.

அப்பா கொள்ளேகாலத்துக்காரர். இதே தெருவில் குடமும் பக்கெட்டும் மொத்தமாக எடுத்து ஊர் ஊராக விற்பவர். அந்த வருடம் யார் பேச்சையோ கேட்டுச் சரக்கை லாரியில் ஏற்றி உடுப்பிப் பக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு கடலில் சேரும் இடத்தில், உப்புத் தண்ணீருக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகள் கிடக்கும், "குத்ரு" என்பார்கள். பாலம் இல்லை, கடை இல்லை. வாடகைக்கு ஒரு சின்னத் தோணி எடுத்து, குடங்களை வலை போட்டுக் கட்டி, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய் விற்பது என்று ஏற்பாடு.

சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தோணியில்தான். ஒரு முனையில் தார்ப்பாய்க் கூரை, அதன் கீழே மண்ணெண்ணெய் அடுப்பு. கடல் ஏறும்போது தண்ணீரோடு உள்ளே போவோம், இறங்கும்போது அதனோடேயே வெளியே வருவோம். தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்வோம். பிடித்த நண்டை அப்பா உயிரோடு பலகையில் அறைந்து கொல்வார். ஒரே அடியில் செத்தாலும் இன்னும் இரண்டு அடி அடிப்பார்.

அப்பா அடிப்பவர் என்பது எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் மைசூரில் சுவருக்குச் சுவர் வீடு. அவர் கை ஓங்கினால் அம்மா அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவாள், அவரும் அக்கம்பக்கத்துக்காகக் கையை இறக்கிவிடுவார். தண்ணீரில் அடுத்த வீடு ஏது? ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று கொதிக்கிற சட்டியை அம்மா மேல் எறிந்துவிட்டு, "இங்க எவன்டி வந்து கேப்பான்?" என்று சுற்றிலும் தண்ணீரைக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் அடிக்கிறபோதெல்லாம் தோணி ஆடும். தோணி ஆடினால் குடங்கள் முட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அம்மா நின்றுகொண்டு மூங்கில் கழியை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டி உதைத்தார். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு வலைக் குடங்கள் தண்ணீரில் சரிந்து, இறங்குகிற கடலோடு கும்பலாக மிதந்து போயே போய்விட்டன. அம்மாவின் முட்டியில் வழிந்த ரத்தத்தை அவர் பார்க்கவே இல்லை. குடங்கள் போன திசையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே கழி புடிச்சிருக்கறவங்க மேல கை வெக்கக் கூடாது. தோணி கவுந்துரும்" என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா கழியைக் கீழே வைக்கவே இல்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. கந்தல் சுற்றிக்கொண்டு பிடித்தாள். சோற்றைக்கூட நான்தான் ஊட்டிவிட்டேன். கழி அம்மா கையில் இருந்த மூன்று நாளும் அவர் அவளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், நான் ஒரு பிளாஸ்டிக் மக்கைத் தண்ணீரில் நழுவவிட்டதற்குப் பக்கெட்டின் கம்பிப் பிடியைக் கழற்றி என் முதுகில் விளாசினார். அம்மா கழியோடு அந்த முனையில் நின்று அலறினாள்.

மறுநாள் காலையில் கழியை என்னிடம் நீட்டினாள். "புடி கண்ணு. என்ன ஆனாலும் வுட்றாத. கழி புடிச்சவங்க முன்னால மட்டுந்தான் பாக்கோணும், திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவளாகிவிட்டேன், தோணியையே என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் பார்த்தபடி தள்ளினேன். பின்னால் குடங்கள் முட்டிக்கொண்டன. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் மன்னிக்காத கீழ்ப்படிதல் அதுதான்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது தோணி மணல் திட்டில் சிக்கியது. அப்பா இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று பின்னாலிருந்து தள்ளினார். நான் கழியை ஊன்றித் தள்ள, தோணி சட்டென்று விடுபட்டு ஆழத்துக்கு நழுவியது. அவருக்கு நீச்சல் தெரியாது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. "நிறுத்துடி! ஏய், நில்லுடி!" என்று கத்தினார். நான் அம்மாவைப் பார்த்தேன். கிழிந்த உதட்டைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நிறுத்து என்று சொல்லவில்லை; போ என்றும் சொல்லவில்லை. நான் கழியை ஊன்றினேன். மறுபடியும் ஊன்றினேன். அவர் செத்துப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதை இன்றைக்கு மாற்றிச் சொல்ல மாட்டேன். கரை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சாகவில்லை. சிப்பி அள்ளுகிறவர்கள் தூக்கிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் மைசூர் வந்த நாலாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா துணி காயப்போடும் மூங்கிலைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அவர் கண் அந்த மூங்கிலிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப்போய்ச் சாமராஜநகர் பஸ் ஏறினார். கடைசிவரை அங்கே தன் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். குத்ருவுக்கெல்லாம் பாலம் வந்துவிட்டது, குடங்கள் ஆட்டோவில் போகின்றன. எங்கள் தோணி நின்ற துறையில் மீன் வறுவல் கடை இருக்கிறது. அப்பாவும் இல்லை. அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இத்தனை வருடமாகக் கேட்காததைப் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கழிய ஏம்மா எங்கிட்டக் குடுத்த? நீயே வெச்சிருந்திருக்கலாமில்ல?"

உரிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"இருந்தது ஒண்ணுதான கண்ணு."