கொச்சிக்குக் கொண்டுபோன சத்தம்

போன வாரம் சங்கரன்கோவிலில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வரிசை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஆட்டுக்கறி வாசம் மூக்கில் ஏறிவிட்டால் எங்கள் ஊரில் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கடைக்காரர் முகத்துக்கு நேரே நீண்டிருந்த கைகளில் ஒன்று என்னுடையது. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது, கதவைத் திறந்தார்கள். ஏசிக் குளிரும் தோல் சீட்டும் கலந்த வாசம் வந்தது. அதற்கு அடியில் லேசாக எலுமிச்சம்பழம். கறி வாசத்தை மீறி அது எப்படி என்னைத் தேடி வந்தது என்று கேட்காதீர்கள். பழைய கார் வாங்கி விற்கிறவனுக்கு முதல் மெக்கானிக் அவன் மூக்குதான்.

திரும்பிப் பார்த்தால் அத்தானின் கார். அத்தானின் கார் என்று இப்போது சொல்லக்கூடாது, அதை ராஜபாளையத்துப் பையன் ஒருவருக்கு விற்று இரண்டு வருடம் ஆகிறது. விற்றவனே நான்தான். பையன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, உள்ளே பாட்டை அலறவிட்டிருந்தார். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கார் புரோக்கர். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடின காலத்தில், வேலை கிடைக்கிற வரைக்கும் என்று தொடங்கினது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. கரிசல்காட்டில் உழுகிற சம்சாரிக்கு ஜீப், கல்யாண சீசனுக்கு வேன், புதுப்பணக்காரருக்கு யாராவது பழம்பணக்காரர் கழித்துவிட்ட கார் என்று, இந்த வட்டாரத்தில் என் கைபட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. சிலது ஓடாமல் நிற்கின்றன. அவற்றின் முதலாளிகளைக் கண்டால் நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன்.

வண்டியை விற்க ஒரு கதை வேண்டும். அத்தான் வாங்கின இந்த ஜப்பான் காருக்கு நல்ல கதை இருந்தது. குடும்பஸ்தர்களுக்கான நம்பிக்கையான சின்ன வண்டிகளைச் செய்துவந்த கம்பெனி அது. ஒரு நாள் அதன் பெரிய முதலாளி, ‘உலகத்திலேயே ஒசந்த காரை நம்மால செய்ய முடியாதா?’ என்று கேட்டாராம். இன்ஜினியர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்து, புதுப்பெயர் வைத்து, முதலில் அமெரிக்காவில் விற்றார்கள். பானட் மேல் கண்ணாடிக் குவளைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி, இன்ஜினை முடுக்கி விளம்பரம் எடுத்தார்களாம். ஒரு குவளை ஆடவில்லை. வந்த புதிதில் ஏதோ சின்னக் குறை தெரிந்ததும், வாங்கினவர்கள் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து வந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோலும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். செல்போனில் படித்ததுதான், மசாலா கொஞ்சம் என்னுடையது. பெட்ரோல் போட்டுக் கொடுத்த இடம் வரும்போது வாங்க வந்த பார்ட்டிகளின் கண் விரியும். எங்கள் மெக்கானிக்குகளோ இருக்கிற பெட்ரோலையும் உறிஞ்சுகிறவர்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறார். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் கொட்டகை, எதிர்வீட்டிலும் கொட்டகை, தெரு முழுக்கக் கொட்டகை. சடக்கு சடக்கு என்று இரவு பகலாக அந்தத் தெருவே ஓடிக்கொண்டிருக்கும். தட்டில் வைத்த தோசை தானாக நகர்வதை அங்கேதான் பார்த்தேன். அந்தத் தெருக்காரர்கள் அமைதியான இடத்துக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவார்கள். கல்யாண வீட்டில் அவர்கள் குசலம் விசாரித்தால் மற்றவர்கள் சண்டை என்று நினைத்து ஓடி வருவார்கள்.

எங்களுக்கு ஊர் மேலநீலிதநல்லூர். ஆடு கத்தினால் அடுத்த காட்டுக்குக் கேட்கும், அவ்வளவு அமைதி. அக்காவுக்குப் பிறவியிலேயே சின்னக் குரல். அவள் பேசினால் பக்கத்திலிருப்பவர் குனிய வேண்டும். அவளைக் கொண்டுபோய் அந்தத் தெருவில் கொடுத்தோம். மாப்பிள்ளை எப்படி, சொத்து எப்படி என்றெல்லாம் விசாரித்தவர்கள் சத்தம் எப்படி என்று விசாரிக்கவில்லை.

அத்தானுக்கு நாற்பதைத் தாண்டியதுமே காது மந்தம் விழுந்துவிட்டது. பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்து மெஷின் மாட்டிக்கொண்டு வந்தார். நாலே நாளில் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டார். “இத மாட்டுனா தறிதான் மண்டைக்குள்ள கேக்கு, மாப்ளே. ஒங்க அக்கா பேசுதது கேக்கல” என்றார். கரண்ட் போனால் மட்டும் தெரு அமைதியாகும். ஆனால் கரண்ட் போன நேரமெல்லாம் அத்தான் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருப்பார். அவரிடமிருந்த டீசல் வண்டியோ தறிக்குத் தம்பி. அதனால் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எது சொன்னாலும் அத்தான் “சரி, சரி” என்பார். கேட்கவில்லை என்றால் சரி, சரி. நாங்கள் அதை அவருடைய குணம் என்று நினைத்தோம்.

கொச்சியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வெளிநாட்டுக்குப் போகிறார், காரை விற்கிறார் என்று தெரிந்து, இதைத் தென்காசிப் பார்ட்டி ஒருவருக்குப் பேசி முடித்து ஓட்டிவந்தேன். சும்மா அக்காவிடம் காட்டிவிட்டு, ஒரு வாய் சோறும் சாப்பிட்டுப் போகலாமென்று சங்கரன்கோவிலுக்கு விட்டேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். மோர் கொண்டுவந்த அக்காவையும் மறுபக்கம் ஏறச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். தறிச் சத்தம் அப்படியே அடங்கி, எங்கோ தூரத்தில் ஓடுவதுபோல ஆனது.

“ஸ்டார்ட் பண்ணு மாப்ளே” என்றார் அத்தான்.

“பண்ணியாச்சு அத்தான். ஓடிக்கிட்டுல்லா இருக்கு” என்றேன். பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடுகிற வண்டி இது, கிளம்பும்போது மூச்சே விடாது. தெருமுனை திரும்பியிருப்போம். அக்கா என்னிடம் தன் சாதாரணக் குரலில், “ஏலே, அடுப்புல ரசம் இருக்கு, தூரமாப் போயிராத” என்றாள்.

“என்ன ரசம்?” என்று கேட்டார் அத்தான்.

அக்கா அவரையே பார்த்தாள். நான் கண்ணாடியில் இருவரையும் பார்த்தேன். “மெளகு ரசம்” என்றாள், இன்னும் சன்னமாக, சோதித்துப் பார்ப்பதுபோல. “பூண்டு போட்டியா?” என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அத்தான் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்த வண்டி யாருக்கு?”

“தென்காசிப் பார்ட்டிக்கு, அத்தான்.”

“அவனுக்கு வேற பாரு.”

அன்றைக்கு நான் கதை எதுவும் சொல்லவில்லை. குவளைக் கோபுரம், பெட்ரோல் எதுவும் தேவைப்படவில்லை. ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

சங்கரநாராயணர் கோவிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானட்டில் கோவில் பிரசாதமான புற்றுமண் பூசினோம். அந்த வெள்ளைப் பெயிண்டில் மண்ணை அப்பினபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் சும்மா இருக்குமா? அந்தக் காசுக்கு இன்னொரு கொட்டகை போட்டிருக்கலாம் என்றார்கள். நூல் வியாபாரிகளையெல்லாம் காருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து விலை பேசினபோது, தறிக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். அத்தான் காதில் எதுவும் விழவில்லை. சில நாள் சாயங்காலம் அவரும் அக்காவும் வீட்டு வாசலில் நின்ற காரிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருப் பெண்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு வெட்கம். உட்காருவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் சர்வீஸ் வந்து காப்பாற்றியது. இந்தக் காரை இங்கே யாரும் தொட முடியாது, எங்களுக்குக் கொச்சிதான் தோது. மற்ற முதலாளிகளாக இருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். புளியங்குடியில் அக்கா எலுமிச்சம்பழம் வாங்கினாள், மலைப்பாதையில் அவளுக்கு வாந்தி வரும். ஒன்றைக் கையில் வைத்து மோந்துகொண்டு, மீதியைக் கதவில் இருக்கிற பைக்குள் போட்டாள். அந்த வாசம்தான் பிறகு அந்தக் காரைவிட்டுப் போகவேயில்லை.

இருபது வருடப் பேச்சையும் அந்த ஒரு வழியில் பேசினார்கள். எல்லாம் ஒன்றுமில்லாத பேச்சு. யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டது, அத்தான் ஆசையாக வாங்கி வருகிற அல்வா அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பது. நான் ஓட்டுகிறவன், எனக்குக் காது உண்டு என்பதையே மறந்துவிட்டார்கள். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது அக்கா சொன்னாள்: “அம்மா படுத்த படுக்கையா இருக்கையில, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வச்சுப் பாத்துக்கிடவான்னு ஒங்ககிட்ட கேட்டேன். சரி, சரின்னிய. பெறவு கூட்டிட்டு வரவும் இல்ல, அதப் பத்திப் பேசவும் இல்ல.”

இது எனக்கும் தெரிந்த விஷயம். அம்மா அந்த வருடமே போய்விட்டாள். அத்தானை நான் மனதுக்குள் மன்னிக்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், சிரிப்பேன், ஆனால் அந்த முள் உள்ளேயே கிடந்தது. அக்காவுக்கும் கிடந்திருக்கிறது.

அத்தான் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் கேக்கலட்டி” என்றார். “சத்தியமா கேக்கல.” பிறகு என்னிடம், “மாப்ளே, செத்த ஓரமா நிப்பாட்டு” என்றார். ஆரியங்காவு வளைவில் நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய், மலையைப் பார்த்தபடி துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. “காதுல விழுந்திருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பாவ?” என்று என்னைக் கேட்டாள். சொல்லியிருக்க மாட்டார்தான்.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்காது, அத்தானிடமிருந்து போன். “மாப்ளே, வண்டியில ஏதோ சத்தம் வருது.” பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பாத மனிதருக்கு வண்டியில் சத்தம் கேட்கிறதாம். ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. “ஒனக்கு என்ன தெரியும்? கொச்சிக்குப் போவோம்” என்றார். கொச்சிக்காரர்கள் சீட்டுக்கு உறை போட்டு, ஆளுக்கொரு பக்கம் காதை வைத்து, ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. கடைசியில் ஒரு பையன் பயந்து பயந்து வந்து, “சாரே, சத்தம் ஒண்ணும் இல்லியே” என்றான். அத்தான் விடவில்லை, “பின்பக்கம் நல்லாப் பாருங்க” என்றார்.

அடுத்த தடவை சத்தம் இடது கதவில். அதற்கடுத்த தடவை ஸ்டியரிங்குக்குக் கீழே. அக்காவிடம் கேட்டேன், “ஏக்கா, ஒனக்காவது கேக்கா?” அவள் என் முகத்தைப் பார்க்காமல், “லேசாக் கேக்கத்தான் செய்யி” என்றாள். சேலை மாற்றித் தயாராகவும் இருந்தாள். என் பிழைப்பைப் போட்டுவிட்டு நான் ஓட்டினேன். எத்தனையோ பேருக்கு வண்டி விற்றிருக்கிறேன், வாங்கினவர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தது அந்த ஒரு வண்டியில்தான்.

கடைசிப் பயணம் மழைக்காலத்தில். மலை முழுக்க அருவி. அக்கா, “அந்தா பாருங்க, போன தடவ இங்கன தண்ணியே இல்ல” என்று தொடங்கி, அம்மாவுடன் குற்றாலத்தில் குளித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிக் கதையில் அத்தான் தலையை ஆட்டி, “சரி, சரி” என்றார்.

அக்கா நிறுத்திவிட்டாள். மழைச் சத்தம்தான் காரணமோ என்று ஏசியையாவது குறைத்தேன். வைப்பரையும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். அவள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். அத்தான் அவள் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிக்கொண்டார். அன்றைக்குக் கொச்சிப் பையன் என்ன சத்தம் என்று கேட்டபோது, “ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான் வந்தோம்” என்றார்.

திரும்பி வந்த மறுநாள் சாவியை என் கையில் கொடுத்தார். “வித்துரு மாப்ளே. இனி இதுக்குள்ளயும் கேக்கல.” அக்கா உள்ளேயிருந்து, “இருந்துட்டுப் போட்டுமே” என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ராஜபாளையத்துப் பையன் கடையிலிருந்து இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பிவந்து, நான் வரிசையை விட்டு வந்து காரருகே நிற்பதைப் பார்த்தார். “என்னண்ணே அப்படிப் பாக்கிய? வண்டி சூப்பரு. ஆனா உள்ள ஒரு எலுமிச்ச வாசம், என்ன செஞ்சாலும் போமாட்டேங்கு.”

“இருந்துட்டுப் போட்டும், தம்பி” என்றேன்.

நானும் பிரியாணியை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் சத்தத்தில் கைஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள்: நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார் எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. அதை அக்கா கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் வாசலில் நின்று விரலை மடக்கி ஏதோ காட்ட, கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து அத்தான் சிரித்துக்கொண்டே கையாட்டினார். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

“ஒன் வண்டியப் பாத்தேன்க்கா” என்றேன்.

“என்னது?” என்று தெருக்காரர்களைப் போலவே கத்தினாள். நானும் கத்திச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்துவிட்டு, ஆறிப்போகும், சாப்பிடு என்று கையால் காட்டினாள். அவளுடைய அந்தச் சின்னக் குரலை நான் கடைசியாக முழுசாகக் கேட்டது மழையில், அருவிகளுக்கு நடுவே, அம்மாவின் கதையை இரண்டாம் முறை முதலிலிருந்து சொன்னபோதுதான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அப்படி விடாமல் பேசி நான் கேட்கவில்லை, என்னிடமும்.