காலியாகவே சுற்றிய சீட்டு

எங்கள் டெப்ரே மார்கோஸ் பஸ் நிலையத்தில் டீ விற்கும் யெஷி அக்காவைக் கேட்காமல் யாரும் தலைநகரம் போனதில்லை. ஆஸ்பத்திரியோ கோர்ட்டோ கல்யாணமோ, இரண்டு நாள் அடிஸ் அபாபா பயணம் என்றால் அவர் போட்டுக் கொடுப்பதுதான் திட்டம்.

"புதன்கிழமை போய் எறங்காதே, விரத நாள். கறிச்சோறு கேட்டு அலைவே. அபாய் பள்ளத்தாக்கு வர்றதுக்கு முன்னாடி வயித்த நிரப்பிக்காதே, அந்த வளைவுல எல்லாம் வெளிய வந்துரும். மெர்காத்தோ சந்தையில எவனாவது தோள்ல இடிச்சா திரும்பிப் பாக்காதே, மொதல்ல பையப் பிடி."

அந்தத் தடத்தில் இருபது வருஷமாகக் கண்டக்டராக ஓடுகிறேன். எனக்கே பல விஷயங்கள் அவர் சொல்லித்தான் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால் அக்கா அடிஸ் அபாபாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. போய்வந்தவர்களை உட்காரவைத்து, இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்து, குடைந்து குடைந்து கேட்பார். எந்த நிறுத்தத்துக்கு அப்புறம் எது வரும், மேடு எங்கே தொடங்கும், கோயில் எந்தக் கைப்பக்கம் என்று ஒன்றையும் விடமாட்டார். வக்கீல்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

அவருடைய ஒரே மகள் செனாயித், தலைநகரத்தில் டவுன் பஸ் ஓட்டும் வேலைக்குத் தேர்வானாள். எங்கள் பஸ்களுக்கு நடுவிலேயே தவழ்ந்த பெண். டிரைவர், கண்டக்டர் அத்தனை பேரும் அவளுக்கு மாமன்மார்தான். சேதி வந்த அன்று எங்கள் ஆட்கள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பஸ் சொந்தமாக வாங்கிய மாதிரி.

திங்கட்கிழமை அவளுடைய முதல் ஓட்டம். அக்கா ஒரே பிடியாக நின்றார். "எம் பொண்ணு ஓட்டற மொத வண்டியில மொத ஆளா நான் ஏறணும், தெமலாஷ். அதுக்கப்புறம்தான் ஊர்ல எவனும் ஏறணும்."

செனாயித் தன் வேலைத் தாளை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். லெகஹார் நிறுத்தம், மணி ஏழு. அக்கா முதல்முறையாகத் தனக்கென்று ஒரு திட்டம் போட்டார். ஞாயிறு பயணம், திங்கள் மகளுடைய வண்டி, செவ்வாய் ஊர் திரும்புதல்.

"ஏழு மணின்னா மத்தியானந்தானே. காலையில கியோர்கிஸ் கோயில்ல நிதானமா கும்பிட்டுட்டு, ஆறு மணிக்கே போய் நின்னுரலாம்."

நானும் தலையாட்டினேன். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் எங்களுக்கு மணி ஒன்று, உச்சிவெயிலில் ஆறு. பிறந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணுகிறோம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திங்களன்று உச்சிவெயிலில், புது வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு அக்கா என்னோடு லெகஹாரில் நின்றார். வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் தாளை நீட்டினார். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது காலையிலேயே போயிருச்சேம்மா. ஆபீஸ் தாள்ல போடறது பறங்கி மணி. அவங்களுக்கு ஏழுன்னா நமக்கு ஒண்ணு."

அக்கா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் திட்டம் போட்டுக் குடுத்தேனே. எம் பொண்ணுக்குன்னு வந்தப்ப கோட்டை விட்டுட்டேனே." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எனக்கு என்மேலேயே ஆத்திரம். இருபது வருஷம் இந்த ஊருக்கு வந்துபோகிறவன், அந்தத் தாளை என் கையால்தானே கொண்டுவந்தேன்.

அப்போது வண்டி வந்து நின்றது. ஸ்டியரிங்கில் செனாயித். உள்ளே நிற்க இடமில்லை. ஆனால் டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட்டு மட்டும் காலி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் ஒருவர் எரிந்து விழுந்தார்.

"காலையில போனப்பவும் காலி, இப்பவும் காலி. யாரோ மகாராணி வராங்களாம்."

செனாயித் திரும்பினாள். "அம்மா, நாலு டிரிப்பா உன் சீட்டு சும்மா சுத்துது. எத்தனை பேர்கிட்டத் திட்டு வாங்கிட்டேன் தெரியுமா?"

"மணியத் தப்பாப் பாத்துட்டேண்டி."

"பரவால்ல, ஏறு. இந்தச் சீட்டுல நீதான் மொத ஆளு."

அக்கா துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. இந்த ஊர் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் குரல் கேட்டது. "பியாசா வருது, எறங்கறவங்க முன்னாடி வாங்க." அடுத்து அரட் கிலோ. அதற்கடுத்து சிதிஸ்ட் கிலோ. ஒன்றுகூடத் தப்பவில்லை. இவர் எங்கள் ஊர்க்காரர் என்று அந்த வண்டிக்கே கூவிச் சொல்லவேண்டும் போலிருந்தது எனக்கு.

தொப்பிக்காரருக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. "எத்தனை வருஷமாம்மா இந்த ஊர்ல இருக்கீங்க?"

"நேத்து சாயங்காலம்தான் வந்தேன்," என்றார் அக்கா. பிறகு முன்சீட்டைக் காட்டினார். "ஓட்டறது எம் பொண்ணு."