ஒரு நிமிடத்துக்குள் காய்கறிகள்

என் மனைவியின் தம்பி கடலூரில் கல்யாணச் சமையல் மாஸ்டர். ஊரையே கூட்டிச் சமைத்தாலும் எந்த அடுப்பில் எது எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதைத் தலையிலேயே வைத்திருப்பார். குடியும் அதே அளவில்தான் இருந்தது. மகளுக்கு நிச்சயம் ஆனதும் சிகிச்சை எடுத்து நிறுத்தினார். அவள் கல்யாணத்துக்குத் தானே சமைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

நிறுத்தி ஒரு மாதம் கழித்து, காட்டுமன்னார்கோயிலில் ஒரு புதுமனை விருந்து. சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். ரசத்துக்குப் போடவே இல்லை. "மாஸ்டர் மறுபடி ஆரம்பிச்சிட்டாருப்பா" என்றது பந்தி. காலையிலிருந்து நான் பக்கத்தில் இருந்தேன். அவர் குடித்தது மோர் மட்டும்.

சிதம்பரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தபின் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷத்துல எத்தனை காய் பேரு வருதோ சொல்லுங்க" என்றார். சமையல்காரரிடம் இப்படியா கேட்பது என்று நான் சிரித்துவிட்டேன்.

"கத்திரிக்கா, முருங்கக்கா, அவரக்கா..." மச்சான் நிறுத்தினார். மின்விசிறியைப் பார்த்தார். "கத்திரிக்கா."

"அதைச் சொல்லிட்டீங்க."

"அது பச்சை சார். இது ஊதா."

மருத்துவரும் சிரித்தார். பிறகு படத்தில் நெற்றிப் பக்கத்தைக் காட்டினார். "இங்க ரத்த ஓட்டம் கம்மியா இருக்கு. வேலையை வரிசைப்படுத்துறது, போட்டோமா இல்லையான்னு பாத்துக்கிறது எல்லாம் இந்த எடம்தான். பல வருஷம் குடிச்சதோட பலன். குடிக்காம இருந்தா மெல்லத் தேறும். முழுசா தேறுமான்னு இப்ப சொல்ல முடியாது."

"தைக்குள்ள தேறுமா சார்? பொண்ணு கல்யாணம்."

"தை மாசம்னு மூளைக்குத் தெரியாதுங்க."

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஒரே சந்தேகம். "குடிச்சப்ப நல்லா சமைச்சேன், விட்டதும் கெட்டுப்போச்சு. எப்படி மாமா?"

"அப்பவும் உப்பு ஜாஸ்திதான் மச்சான். உன் வாய்க்குப் பயந்து யாரும் சொல்லல."

"யார் யாரு சொல்லல?" என்று புவனகிரி வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

முடிவை மகளே எடுத்தாள். "அப்பா, நீ சாம்பார் மட்டும் பாரு. மத்தது திட்டக்குடி மாஸ்டர் பாக்கட்டும்." முறைத்தார், சாப்பிடாமல் படுத்தார், மறுநாள் ஒப்புக்கொண்டார்.

கல்யாணத்தன்று அவருக்கு ஒரே அடுப்பு, ஒரே அண்டா. உப்பில் கையை வைத்தவர் ஏற்கெனவே போட்டோமா என்று யோசித்தார், கையை எடுத்துவிட்டார். கரண்டியில் சாம்பாரோடு நேராக மணமகள் அறைக்குப் போனார். "பட்டுப்புடவைடா!" என்று என் மனைவி அலறினாள். மகள் குனிந்து ருசி பார்த்தாள்.

"போட்டிருக்கப்பா. இனிமே கை வைக்காத."


அவர் நிம்மதியாகக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு நடந்தார்.